அத்தியாயம் 5: பழைய ஜென்னைப் பந்தயத் தடத்துக்குத் தயார் செய்தல்

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. இந்தியாவில் நிரந்தரமான கார் பந்தயத் தடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்று வாளையாற்றைத் தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது: கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீடுவே. 2.1 கிலோமீட்டர் நீளம். நீண்ட நேர்வழி கிடையாது, திருப்பங்கள்தான் அதிகம். பெரிய என்ஜின் வைத்திருப்பவர் வேகமெடுப்பதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடும். சிறிய, எடை குறைந்த காருக்கு இதைவிட ஏற்ற இடம் அமைவது கடினம்.

தடத்துக்குப் பெயர் தந்த எஸ். கரிவரதன் கோவைக்காரர். சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த காலத்தவர். 1980களின் இறுதியில் மாருதி 800இன் 796 சிசி என்ஜினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியில் பொருத்தி 'ஃபார்முலா மாருதி'யை உருவாக்கினார். எந்த ஊர்ப் பட்டறையிலும் பழுது பார்க்க முடிகிற என்ஜின், எந்தக் கடையிலும் கிடைக்கிற உதிரிபாகம் என்று அந்த வண்டி அமைந்ததால்தான் பணக்காரக் குடும்பங்களைத் தாண்டியும் பலருக்குப் பந்தயம் எட்டியது. நரேன் கார்த்திகேயனும் தன் ஆரம்பப் பந்தயங்களை ஃபார்முலா மாருதியில்தான் ஓட்டினார். கரிவரதன் 1995இல் ஒரு சிறு விமான விபத்தில் இறந்தார். இந்த அத்தியாயம் அவர் காட்டிய வழியில்தான் போகிறது: சாதாரணமான, சிறிய, பழைய வண்டி, உள்ளூர்ப் பட்டறை, செலவு முழுக்கச் சரியான இடத்தில்.

சரியான இடம் எது என்பதில்தான் பலர் தடம் மாறுகிறார்கள். வண்டி வாங்கியதும் சைலன்சர், ஏர் ஃபில்டர், பெரிய என்ஜின் என்று போகிறார்கள். பழைய சிறு காரைப் பொறுத்தவரை என் வரிசை வேறு: முதலில் நிற்க வேண்டும், அடுத்து சூடாகாமல் இருக்க வேண்டும், பிறகு சொன்ன திசையில் திரும்ப வேண்டும். இந்த மூன்றும் முடிந்து காசு மிஞ்சினால் என்ஜின் சக்தியைப் பற்றி யோசிக்கலாம். பெரும்பாலும் அதற்குத் தேவையே வராது.

டிராக் நாள் என்பது பந்தயம் அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கட்டணம் கட்டி, ஏற்பாட்டாளரின் விதிகளுக்கு உட்பட்டு, பதினைந்து இருபது நிமிட அமர்வுகளாகத் தடத்தில் உங்கள் வண்டியை ஓட்டிப் பழகும் நாள் அது. பரிசும் இடமும் கிடையாது. போட்டிக்குப் போக வேண்டுமென்றால் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. எனப்படும் இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பிடம் உரிமம் பெற வேண்டும். வண்டிக்கு ரோல் கேஜ், கட்-ஆஃப் சுவிட்ச் போன்ற கட்டாயங்கள் வந்து சேரும். அது தனிப் பாதை, தனிச் செலவு.

வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

மாருதி 800, ஜென், எஸ்டீம் மூன்றும் நம் பக்கத்தில் இன்னும் கிடைக்கின்றன. 800 மிக இலேசானது, சுமார் 650 கிலோ. ஆனால் 12 அங்குலச் சக்கரத்துக்கு நல்ல டயர் கிடைப்பது சிரமம். எஸ்டீமின் 1298 சிசி என்ஜின் அருமையானது, எம்.பி.எஃப்.ஐ. வடிவத்தில் 85 குதிரைத்திறன். உடல் நீளம், எடை கூடுதல். இரண்டுக்கும் நடுவில் ஜென் நிற்கிறது. 1993இல் வந்து 2006 வரை தயாரானது. 993 சிசி, நான்கு சிலிண்டர், முழு அலுமினிய என்ஜின். கார்புரேட்டர் வடிவத்தில் 50 குதிரைத்திறன், பின்னால் வந்த எம்.பி.எஃப்.ஐ. வடிவத்தில் 60. தாழ்வான உடல், குட்டையான சக்கர இடைவெளி, முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். என் தேர்வு எம்.பி.எஃப்.ஐ. ஜென். ஜென் எஸ்டிலோ என்ற பெயரில் பிறகு வந்தது முற்றிலும் வேறு உயரமான வண்டி. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். குறைந்த எண்ணிக்கையில் வந்த மூன்று கதவு கார்பன், ஸ்டீல் பதிப்புகள் கையில் கிடைத்தால் அவற்றை அப்படியே பாதுகாத்து வையுங்கள். பிரித்துப் போட்டுப் பழக அவை வேண்டாம்.

எங்கிருந்து வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து எதைத் தேட வேண்டும் என்பது மாறும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றிலும் வெயிலிலும் கிடந்த வண்டியின் தகடு பெரும்பாலும் உலர்ந்து நன்றாகவே இருக்கும், போயிருப்பது ரப்பர். ஹோஸ், புஷ், என்ஜின் மவுண்டிங், கதவு பீடிங் எல்லாம் விரல் நகத்தால் அழுத்தினால் வெடிப்பு தெரியும். அதற்காகப் பயப்பட வேண்டாம், ரப்பரை எப்படியும் மாற்றத்தான் போகிறோம்.

இடுக்கி வண்டி நேர் எதிர். மூணாறு, பூப்பாறை, நெடுங்கண்டம் பக்கத்து மழையில் ஆண்டுக்கணக்கில் ஓடிய வண்டிக்கு வெளியே பளபளப்பாகப் பெயின்ட் அடித்திருப்பார்கள். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஸ்டெப்னி கிடக்கும் குழி, ஜாக்கி போடும் இடம், கதவுக்குக் கீழுள்ள ஓரத் தகடு, பின் ஷாக் அப்சார்பரின் மேல் முனை பிடித்திருக்கும் இடம் ஆகியவற்றை ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மங்கிய சத்தம் வந்தால் உள்ளே துரு தின்றிருக்கிறது. எஸ்டேட் சாலைகளில் ஓடிய வண்டியில் கூடுதலாக ஒன்று: பானெட்டைத் திறந்து, முன் ஸ்ட்ரட்டின் தலை பிடித்திருக்கும் இரு கோபுரங்களையும் லோயர் ஆர்ம் பிடிக்கும் இடத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெல்டிங் ஓரத்தில் முடி போன்ற கோடு தெரிந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். பட்டறையில் பற்றவைத்துச் சாலையில் ஓட்டலாம். தடத்தின் திருப்பத்தில் முன் சக்கரத்தின் மொத்தப் பாரமும் அந்தக் கோட்டின்மேல்தான் வந்து விழும்.

என்ஜினுக்கு ஒரே சோதனை போதும்: சூடான என்ஜினில் கம்ப்ரெஷன் பார்ப்பது. நல்ல நிலையில் உள்ள ஜென் என்ஜின் 14 கிலோ அருகே காட்டும். 12க்குக் கீழே போனாலோ சிலிண்டருக்குச் சிலிண்டர் 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தாலோ ரிங், வால்வு வேலை இருக்கிறது என்று விலையில் பேசிக்கொள்ளுங்கள். வாங்கும் விலை எவ்வளவோ அதே அளவு தொகையைத் தயாரிப்புக்கு ஒதுக்கி வைப்பது நல்லது. அது முடியாவிட்டால் இன்னும் மலிவான வண்டியாகப் பாருங்கள். தயாரிப்புச் செலவில் கைவைக்காதீர்கள்.

காகிதம்

எல்லைப்புறத்தில் இது தனித் தலைவலி. பொள்ளாச்சியில் தமிழ்நாட்டு எண்ணோடு வண்டி வாங்கிச் சித்தூரில் நிறுத்திவைத்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி 12 மாதங்களுக்குமேல் வேறு மாநிலத்தில் இருக்கும் வண்டிக்கு அங்கே புதிய பதிவு எண் வாங்க வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் என்.ஓ.சி., கேரள வரி, பெயர் மாற்றப் படிவங்கள் எல்லாம் தேவை. 15 ஆண்டுகள் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. புதுப்பித்தால் ஐந்து ஆண்டுகள் செல்லும். கேரளத்தில் பசுமை வரியும் சேரும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், கேரள எண்ணுள்ள, பதிவு புதுப்பிக்கப்பட்ட வண்டி கொஞ்சம் விலை கூடினாலும் லாபம்தான்.

மாற்றங்கள் விஷயத்தில் சட்டம் இன்னும் கறாரானது. உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்பது 52ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. எஸ்டீமின் 1300 என்ஜினை ஜென்னில் இறக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒரே குடும்பத்து என்ஜின், பட்டறையில் 'உட்கார்ந்துவிடும்' என்பார்கள். வண்டி சாலையில் ஓடியே தடத்துக்குப் போக வேண்டுமானால் அதை மறந்துவிடுங்கள். சத்தம் போடும் சைலன்சர், உடலைவிட்டு வெளியே நீட்டும் சக்கரம், அறுத்த ஸ்ப்ரிங் ஆகியவற்றுக்கும் இதுவே பதில். இந்த அத்தியாயத்தில் சொல்லும் வேலைகள் எல்லாம் தேய்ந்ததை மாற்றுவதும் அளவைச் சரிசெய்வதும்தான். அவற்றைச் செய்த வண்டியை எந்தச் சோதனைச் சாவடியிலும் தயங்காமல் நிறுத்தலாம்.

காப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டு மோட்டார் பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்குப் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கும். தடத்தில் வண்டி நசுங்கினால் செலவு உங்களுடையது. இழக்க முடியாத வண்டியைத் தடத்துக்கு எடுத்துப் போக வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான்.

பிரேக்

செலவில் பாதி இங்கே போகட்டும். காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம். ஓட்டுநரோடு சேர்த்து 830 கிலோ வரும் ஜென், 110 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 50க்குக் குறைய ஒருமுறை பிரேக் அழுத்தினால் சுமார் 3 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்க வைக்க ஏறக்குறைய அவ்வளவுதான் வேண்டும். அதில் பெரும்பகுதி முன்னாலுள்ள இரு சிறிய டிஸ்க்குகளுக்குள் சில விநாடிகளில் இறங்குகிறது. ஒரு சுற்றில் இப்படிப் பலமுறை, இடையில் ஆற நேரமில்லை.

போடிமெட்டோ குமுளியோ இறங்கியவர்களுக்கு பிரேக் வாசனை பழக்கம். மலையிறக்கத்தில் கியரை இறக்கி, மெல்ல வந்து, ஓரமாக நிறுத்தி ஆறவிடலாம். தடத்தில் சூடு அதைவிட வேகமாக ஏறும்.

முதல் வேலை பிரேக் ஆயில். இது காற்றின் ஈரத்தை உறிஞ்சும்; ஈரம் ஏற ஏற கொதிநிலை இறங்கும். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும், ஈரமேறினால் 140தான். டாட் 4க்கு இந்த எண்கள் 230, 155. டாட் 5.1க்கு 260, 180. ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உருவாகிவிட்டால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. இடுக்கியின் ஈரக் காற்றில் பல ஆண்டுகளாக மாற்றாத ஆயிலோடு வந்த வண்டியில் இதற்கு நான்கைந்து சுற்றே போதும். எனவே நல்ல டாட் 4 அல்லது 5.1 வாங்கி, பழையது முழுவதும் வெளியேறும்வரை நான்கு சக்கரத்திலும் ப்ளீட் செய்யுங்கள். திறந்து நாளான டப்பா வேண்டாம். டாட் 5 என்று மட்டும் எழுதியிருப்பது சிலிக்கான் வகை. மற்றவற்றோடு கலக்கக் கூடாது.

ஆயிலோடு சேர்த்து மாஸ்டர் சிலிண்டர், கேலிப்பர், வீல் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் கிட் மாற்றுங்கள். கேலிப்பர் பின் கையால் நகர வேண்டும். நகராத கேலிப்பரில் ஒரு பேட் மட்டும் தேய்ந்து வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ரப்பர் பிரேக் ஹோஸ் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் அதையும் மாற்றிவிடுங்கள். டிஸ்க்கை லேத்தில் கொடுத்துச் சீவுவது நம் ஊர் வழக்கம். மெலிந்த டிஸ்க் வெப்பம் தாங்காது. டிஸ்க்கிலேயே குறைந்தபட்ச தடிமன் பொறித்திருக்கும், அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டால் புதிது போடுங்கள். பேட் விஷயத்தில், அதிக வெப்பத்துக்கான சாலை வகையே போதும். முழுப் பந்தய பேட் குளிர்ந்த நிலையில் பிடிக்காது. வாளையாறு நெடுஞ்சாலையில் காலை நேரத்தில் லாரிக்குப் பின்னால் அது ஆபத்து.

பலர் கவனிக்காத ஒன்று பின் சக்கரம். எடை குறைக்கிறோம் என்று பின் இருக்கை, ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் குறைவது பெரும்பாலும் பின்புற எடை. பிரேக் அழுத்தும்போது பாரம் முன்னால் போகும். ஏற்கெனவே இலேசான பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளும். பின் சக்கரம் பூட்டிய குட்டை வண்டி பம்பரமாகச் சுற்றும். டிரம் ஷூக்களை இரு பக்கமும் ஒரே அளவில் சரிசெய்து, முதல் சுற்றுகளில் நேர்வழியில் மட்டும் அழுத்திப் பழகி, முன் சக்கரம்தான் முதலில் பூட்டுகிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் பின் இருக்கை உள்ளேயே இருக்கட்டும். சாலை வண்டிக்கு அது சட்டப்படியும் நல்லது.

வெப்பம்

அலுமினிய ஹெட் ஒருமுறை அளவுக்குமீறிச் சூடானால் வளைந்துவிடும், கேஸ்கெட் போகும், சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பாலக்காட்டில் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. கோவைப் பக்கம் கொஞ்சம் குறைவு என்றாலும் தார் சூடு சூடுதான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை டிராக் நாள் வைத்துக்கொண்டால் வண்டிக்கும் உங்களுக்கும் நல்லது.

நம் பட்டறைகளில் இந்தப் பேச்சு அடிக்கடி கேட்கும்: "ஏனுங்ணா, வண்டி ஹீட் ஆகுதுங்களா? தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசிருங்க, செரியாப் போகும்." கழற்ற வேண்டாம். தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடும், எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் கணினி அதைக் குளிர் என்ஜின் என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். அந்தப் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவும். வண்டி சூடாவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறெங்கோ இருக்கிறது: உப்புத் தண்ணீர் ஊற்றி அடைத்துப்போன ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், ஓடாத ஃபேன், ஸ்ப்ரிங் தளர்ந்த மூடி.

அந்த மூடியைச் சின்னப் பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். 0.9 பார் அழுத்தம் பிடித்து வைக்கும் மூடி இருந்தால் உள்ளே வெறும் தண்ணீரே சுமார் 118 டிகிரியில்தான் கொதிக்கும். தளர்ந்த மூடி இருந்தால் 100இலேயே கொதித்து வழியும். ரேடியேட்டரைப் புதிதாகவே போட்டுவிடுவது என் பரிந்துரை. ஜென் ரேடியேட்டர் கிடைக்காத பொருள் அல்ல. மேல், கீழ் ஹோஸ்கள், கிளாம்ப், தெர்மோஸ்டாட், மூடி எல்லாம் ஒரே நாளில் மாற்றி, கிணற்றுத் தண்ணீர் தொடாமல் டிஸ்டில்டு தண்ணீரும் கூலண்டும் ஊற்றிக் காற்றெடுங்கள். கூலண்டில் இருக்கும் கிளைகால் தரையில் சிந்தினால் மிகவும் வழுக்கும் என்பதால் சில தடங்களில் அதை அனுமதிப்பதில்லை. முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

என்ஜின் ஆயிலும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். ஜென்னின் சம்ப்பில் சுமார் 3 லிட்டர் மட்டுமே. நீண்ட திருப்பத்தில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்ப் காற்றை இழுத்தால் பேரிங் போய்விடும். டிப்ஸ்டிக்கின் மேல் கோடுவரை ஊற்றி வையுங்கள், ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் பாருங்கள். சின்தெடிக் 10டபிள்யூ-40 இந்த வெயிலுக்குப் போதும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று பழைய உரிமையாளருக்கு நினைவில்லை என்றால் தடத்துக்குப் போகும் முன் மாற்றிவிடுங்கள்.

மலைக்காரர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. கார்புரேட்டர் ஜென்னை மூணாற்றில் வைத்து ட்யூன் செய்திருந்தால் அது சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் காற்றுக்கு ஏற்ற கலவை. கோவை 400 மீட்டர் சொச்சத்தில் இருக்கிறது. இறங்கி வந்தால் காற்று அடர்த்தி பத்து சதவீதத்துக்கு மேல் கூடிவிடும், பெட்ரோல் அந்த அளவுக்குக் கூடாது. கலவை மெலிந்து எரியும் வெப்பம் ஏறும். மலையில் இழுவை வேண்டுமென்று இக்னிஷனை முன்னால் நகர்த்தியும் இருந்தால் சமவெளியில் முழு ஆக்சிலரேட்டரில் என்ஜின் தட்டும், பிஸ்டன் ஓட்டையாகும். உடுமலையிலோ பொள்ளாச்சியிலோ ஒரு நல்ல மெக்கானிக்கிடம் நிறுத்தி, டைமிங்கையும் கலவையையும் சரிபார்த்து, ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்துவிட்டுத் தடத்துக்குப் போங்கள். வெளிர் பழுப்பு நல்லது. சுண்ணாம்பு வெள்ளை வேண்டாம். எம்.பி.எஃப்.ஐ. வண்டி இதைத் தானே பார்த்துக்கொள்ளும். நான் அதைச் சிபாரிசு செய்ய இதுவே பெரிய காரணம்.

சக்கரமும் அதன்மேல் இருப்பதும்

டயர் வாங்கும்போது பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. கட்டை நன்றாகத் தெரிந்தாலும் ஐந்தாறு வயதான டயர் கெட்டித்துப் போயிருக்கும், திருப்பத்தில் பிடிக்காது. ஜென்னின் அசல் 145/70 ஆர்13. 165/65 ஆர்13 போட்டால் சுற்றளவு இரண்டு சதவீதமே கூடும், பிடிப்பு நன்றாகவே கூடும். ஆனால் அகலம் கூடும்போது உங்கள் வண்டி வகைக்கு அனுமதித்த அளவுகளுக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் குளிர்ந்த நிலையில் வைத்த காற்றழுத்தம் சில சுற்றுகளில் நான்கைந்து பி.எஸ்.ஐ. ஏறிவிடும். அதனால் வண்டி உள்ளே வந்த உடனே அளந்து, நான்கு சக்கரத்தையும் விரும்பிய சூடான அழுத்தத்துக்கு இறக்குங்கள். வீடு திரும்பும் முன் மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும்.

சஸ்பென்ஷனில் புதுமை எதுவும் வேண்டாம். ஷாக் அப்சார்பர் நான்கும் புதிது, லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், வீல் பேரிங் புதிது. பழைய வண்டியில் இந்த ஒரு வேலை செய்துவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தாலே வித்தியாசம் கைக்குத் தெரியும். கேம்பர் போல்ட் போட்டு முன் சக்கரங்களை மேல் பக்கம் உள்நோக்கி ஒன்றரை டிகிரி சாய்த்தால் திருப்பத்தில் டயரின் வெளி ஓரம் மட்டும் தேயாது. டோ ஏறக்குறைய பூஜ்யம். பின்னால் கேம்பர் மாற்ற வழியில்லை. ஸ்ப்ரிங்கை அறுப்பது பற்றி மேலே சொன்னேன்; அறுத்த ஸ்ப்ரிங் முழு நீட்டத்தில் தன் இருக்கையிலிருந்து கழன்றுவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருப்பவர்

முழு முகம் மூடும் ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட், முழுக்கைப் பருத்திச் சட்டை, பேன்ட், மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூ. செருப்பு கூடாது. வண்டியின் அசல் மூன்று முனை பெல்ட் நல்ல நிலையில் இருந்தால் அதையே கட்டுங்கள். அசல் இருக்கையோடு நான்கு முனை பெல்ட் கட்டினால் மோதலில் உடல் அடியில் வழுக்கி இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறிவிடும். ரோல் கேஜ் போட்ட வண்டியைச் சாலையிலும் ஓட்டுவது ஆபத்து, ஹெல்மெட் இல்லாத தலை இரும்பில் மோதும். இரண்டு கிலோ ஏ.பி.சி. தீயணைப்பானை ஓட்டுநர் கை எட்டும் இடத்தில் தரைத் தகட்டோடு போல்ட் போட்டுப் பிடியுங்கள், கயிற்றால் கட்ட வேண்டாம். பேட்டரி கிளாம்ப், முன்னும் பின்னும் இழுகொக்கி, உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில்கூட உருளாமல் இருப்பது: இவற்றைத் தடத்தில் பரிசோதிப்பவர்களுக்கு முன்பே நீங்கள் பரிசோதித்திருக்க வேண்டும்.

அந்த நாள்

பாலக்காட்டிலிருந்து வாளையாறு, மதுக்கரை வழியாக வரலாம். கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்தவர்களுக்குப் பொள்ளாச்சி, கிணத்துக்கடவு வழி எளிது. மறையூர்க்காரர்கள் சின்னார் தாண்டி உடுமலை வழியாக முந்தைய நாள் மாலையே இறங்கி, கோவையில் தங்கிவிடுங்கள். காட்டு வழியில் விடியற்காலையில் அவசரமாக ஓட்டி வந்து நேராகத் தடத்தில் ஏறுவது நல்லதல்ல. குமுளி, கம்பம் பக்கத்திலிருந்து தூரம் இன்னும் அதிகம். உக்கடத்துப் பழைய உதிரிபாகக் கடைகளில் ஒரு சுற்று வர நினைத்தால் அதற்கும் முந்தைய நாள்தான் தோது.

முதல் சுற்று மெதுவாக: டயர், பிரேக், ஆயில் சூடாகட்டும். பிறகு மூன்று நான்கு சுற்று விரட்டலாம். கடைசிச் சுற்று மறுபடி மெதுவாக, முடிந்தவரை பிரேக் தொடாமல். உள்ளே வந்து நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். சூடான டிரம் ஆறிச் சுருங்கும்போது ஷூவோடு பிடித்துக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பானெட்டைத் திறந்து வையுங்கள். ரேடியேட்டர் மூடியை ஆறும்வரை தொட வேண்டாம்.

60 குதிரைத்திறன் வண்டியில் நேர்வழியில் எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள். அதைப் பொருட்படுத்தாதீர்கள், கண்ணாடியைப் பார்த்து, வேகமான வண்டிக்கு ஏற்பாட்டாளர் சொன்ன பக்கத்தில் வழிவிட்டு, உங்கள் வேலையைத் திருப்பங்களில் செய்யுங்கள். சக்தி குறைந்த வண்டியில் ஒரு திருப்பத்தில் இழந்த வேகம் அடுத்த திருப்பம்வரை திரும்பி வராது. பிரேக்கை நேர்வழியிலேயே முடித்து, வண்டியை ஒரே அசைவில் திருப்பி, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பது என்ற பழக்கத்தை ஜென் மாதிரியான வண்டி ஒரே நாளில் கற்றுக்கொடுக்கும். 150 குதிரைத்திறன் வண்டியில் உங்கள் தவற்றை என்ஜின் மறைத்துவிடும்.

ஒரு சிறு நோட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் டயர் அழுத்தம், ஆயில் மட்டம், பேட்டின் தடிமன், பெடல் எவ்வளவு கீழே போனது என்று எழுதுங்கள். பெடல் முந்தைய அமர்வைவிடக் கீழே போனால் அன்றைக்கு ஓட்டுவதை நிறுத்திவிட்டு ஆயிலை ப்ளீட் செய்த பிறகே வாளையாறு நோக்கித் திரும்புங்கள். கிளம்பும் முன் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால், சுமார் 85 நியூட்டன் மீட்டருக்கு, ஆறிய பிறகு இறுக்குங்கள். மறுநாள் பட்டறையில் நான்கு சக்கரத்தையும் கழற்றி, டிஸ்க்கில் வெடிப்பு, டை ராட் ஆட்டம், டிரைவ் ஷாப்ட் பூட் கிழிசல், சம்ப்பில் கசிவு பாருங்கள். இரண்டு மூன்று டிராக் நாட்களுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலையும் என்ஜின் ஆயிலையும் மாற்றிவிடுங்கள், கிலோமீட்டர் எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும்.